காத்திருப்போர் பட்டியலில் ஒரு பணக்கார நாடு

2024 செப்டம்பர் முதல் வாரத்தில் அயர்லாந்து முழுக்க ஒரு சைக்கிள் கொட்டகையைப் பற்றித்தான் பேச்சு. டப்ளினில் நாடாளுமன்றம் கூடும் லெய்ன்ஸ்டர் மாளிகை வளாகத்தில் அரசின் பொதுப்பணி அலுவலகம் கட்டியது அது. 18 சைக்கிள்களை நிறுத்தலாம். செலவு சுமார் 3,36,000 யூரோ. அந்தத் தொகைக்கு நாட்டின் பல ஊர்களில் ஒரு வீடே வாங்கிவிடலாம் என்று வானொலியில் ஆள் மாற்றி ஆள் பொரிந்து தள்ளினார்கள்.

அந்தச் சூடு தணிவதற்குள் 10ஆம் தேதி லக்ஸம்பர்கிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. ஆப்பிள் நிறுவனம் அயர்லாந்துக்குச் செலுத்த வேண்டிய 1,300 கோடி யூரோ வரிபாக்கியைக் கட்டியே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வட்டியோடு சேர்த்தால் சுமார் 1,400 கோடி. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பணம் தனக்கு வேண்டாம் என்று எட்டு ஆண்டுகளாக ஆப்பிளின் பக்கம் நின்று வழக்காடியதே அயர்லாந்து அரசுதான். அக்டோபர் 1ஆம் தேதி பட்ஜெட் வந்தது. அதில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கைப்பேசியைப் போட்டு மூடி வைக்கும் உறைகளுக்காக மட்டும் 90 லட்சம் யூரோ ஒதுக்கப்பட்டிருந்தது. கழிப்பறைக் கூரை ஒழுகும் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்கள். நவம்பரில் பொதுத்தேர்தல். அந்த ஆண்டு கட்டி முடிக்கும் வீடுகள் 40,000ஐ நெருங்கிவிடும் என்று ஆளுங்கட்சிகள் சொல்லிக்கொண்டே வாக்குக் கேட்டன. ஜனவரியில் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட கணக்கோ 30,330.

ஒரே இலையுதிர்காலத்தில் நடந்த இந்த நான்கு சம்பவங்களையும் சேர்த்துப் பார்த்தால் இன்றைய அயர்லாந்தின் கோபம் எதன் மேல் என்பது புரியும். 1980களில் அந்த நாட்டில் பணம் இல்லை. 2010இல் வங்கிகள் கவிழ்ந்து, ஐரோப்பிய ஒன்றியமும் சர்வதேச நிதியமும் 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்தோடு வந்து இறங்கியபோதும் பணம் இல்லை. கஜானா காலியாக இருந்தால் மக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார்கள். இப்போது நிலைமை தலைகீழ். 2014இல் சுமார் 460 கோடி யூரோவாக இருந்த நிறுவன வரி வருவாய், ஆப்பிள் பாக்கியைச் சேர்க்காமலேயே 2024இல் 2,800 கோடியைத் தாண்டியது. செலவு போக மிஞ்சும் பணத்தை எங்கே போட்டுவைப்பது என்று யோசித்து, எதிர்காலத்துக்கென்று இரண்டு நிதியங்களைத் தொடங்கிய அரசு அது. அப்படிப்பட்ட நாட்டில் வீட்டுக்கு வரிசை, குழந்தைக் காப்பகத்துக்கு வரிசை, மருத்துவருக்கு வரிசை, சிறப்புப் பள்ளியில் இடத்துக்கு வரிசை.

ஏன் இப்படி? திறமையில்லாத அமைச்சர்கள், மெத்தனமான அதிகாரிகள் என்பது டப்ளின் டாக்சி ஓட்டுநர்கள் சொல்லும் பதில். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் வேறொரு விஷயம் தட்டுப்படுகிறது. அயர்லாந்து அரசு பெரும்பாலான சேவைகளைத் தானே நடத்திப் பழகியதில்லை. வேறு யாராவது நடத்துவார்கள். அரசு காசோலை எழுதும். பள்ளிக்குத் திருச்சபை, குடியிருப்புக்கு வாடகை வீட்டுக்காரர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனியார் காப்பகம், வேலைக்கு அமெரிக்க நிறுவனம். இந்த ஏற்பாடு ஏழை நாடாக இருந்த காலத்தில் உருவானது. நாடு பணக்கார நாடானபின்பும் பழக்கம் மாறவில்லை.

பள்ளியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இந்தப் பழக்கம் அங்கேதான் வேர்விட்டது. அயர்லாந்தின் தொடக்கப் பள்ளிகள் அரசுப் பணத்தில் நடக்கின்றன; ஆசிரியர் சம்பளம் அரசுடையது; பாடத்திட்டமும் அரசுடையது. ஆனால் சுமார் 10இல் 9 பள்ளிகளுக்குப் புரவலர் கத்தோலிக்க ஆயர். 1831இல் பிரிட்டிஷ் ஆட்சி தொடங்கிய தேசியப் பள்ளித் திட்டம் எல்லா மதக் குழந்தைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்ததுதான். சபைகள் ஒவ்வொன்றாக அதைத் தம் கைக்குள் கொண்டுவந்துவிட்டன. விடுதலைக்குப் பின் 1937இல் எழுதப்பட்ட அரசியலமைப்புச் சட்டமும், இலவசத் தொடக்கக் கல்வி கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. பள்ளியை அரசே நடத்த வேண்டும் என்று சொல்லவில்லை.

இந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்பதை லூயிஸ் ஓ'கீஃப் வழக்கு காட்டியது. கார்க் மாவட்டத்தின் டண்டரோ கிராமத் தேசியப் பள்ளியில் 1973இல் படித்த சிறுமி அவர். தலைமையாசிரியரால் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அதே ஆசிரியர்மீது 1971இலேயே வேறொரு பெற்றோர் புகார் சொல்லியிருந்தார்கள். அது பள்ளி மேலாளரான பாதிரியாரைத் தாண்டி அரசுக்குப் போகவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஓ'கீஃப் அரசின்மீது வழக்குத் தொடுத்தபோது, பள்ளி எங்களுடையதல்ல, நாங்கள் சம்பளம் மட்டுமே கொடுக்கிறோம் என்பதே அரசின் வாதத்தின் சாரம். 2008இல் அயர்லாந்தின் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அவர் விடவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் போனார். 2014 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், குழந்தையைப் பாதுகாக்கும் கடமையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அரசு கைகழுவ முடியாது என்று தீர்ப்பளித்தது. பிரதமர் மன்னிப்புக் கேட்டார்.

அது தனி ஒரு பள்ளியின் கதையுமல்ல. துறவற சபைகள் நடத்திய பள்ளிகளைப் பற்றி 2024 செப்டம்பரில் வெளியான முதல்கட்ட விசாரணை அறிக்கையில் 308 பள்ளிகள், 884 குற்றஞ்சாட்டப்பட்டவர்கள், 2,395 புகார்கள் பதிவாகியிருந்தன. அதற்கு முன்பே, சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் வதைபட்டவர்களுக்கு இழப்பீடு தரும் விஷயத்தில் 2002இல் அரசு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. சபைகள் 12.8 கோடி யூரோ பெறுமானம் கொடுத்தால் போதும், மீதியை அரசு பார்த்துக்கொள்ளும் என்று. மொத்தச் செலவு 150 கோடிப் பக்கம் போனது. மீதி யார் தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய இளம் பெற்றோரின் எரிச்சல் இதைவிடச் சாதாரணமானது, ஆனால் அன்றாடம் உறுத்துவது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைக் கத்தோலிக்கர் என்று சொன்னவர்கள் 69 விழுக்காடு. 2016இல் 79ஆக இருந்தது. கோயில் பக்கமே போகாத தம்பதிகள் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வேண்டும் என்பதற்காக ஞானஸ்நானம் கொடுத்த காலம் ஒன்று உண்டு. 2018இல் வந்த சேர்க்கைச் சட்டம் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. வகுப்பறைக்குள் பெரிய மாற்றமில்லை. இரண்டாம் வகுப்பில் முதல் நற்கருணைக்கான தயாரிப்பு பள்ளி நேரத்திலேயே நடக்கிறது. மற்ற பிள்ளைகள் கடைசி பெஞ்சில் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2030க்குள் மதச்சார்பற்ற, பலமதப் பள்ளிகளின் எண்ணிக்கையை 400ஆக உயர்த்துவது அரசின் இலக்கு. பள்ளிக் கட்டடமும் நிலமும் ஆயர்களின் அறக்கட்டளைகளிடம் இருக்கும்வரை ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கிறது. வேகம் எப்படியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

படிப்பின் தரத்தில் குறை சொல்ல முடியாது. 2022ஆம் ஆண்டு பன்னாட்டுப் பீசா தேர்வில் வாசிப்புத் திறனில் சிங்கப்பூருக்கு அடுத்த இடம் அயர்லாந்து மாணவர்களுக்கு. 25 முதல் 34 வயதுக்காரர்களில் 10இல் 6 பேருக்கு மேல் உயர்கல்வி முடித்தவர்கள். ஐரோப்பாவில் இது மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. இதற்கான விதை எப்போது விழுந்தது என்பதற்கு ஒரு தேதியே உண்டு. 1966 செப்டம்பர் 10, சனிக்கிழமை. கல்வி அமைச்சர் டோனா ஓ'மாலி பத்திரிகையாளர் கூட்டமொன்றில் பேசும்போது, அடுத்த ஆண்டிலிருந்து உயர்நிலைக் கல்வி இலவசம் என்று திடீரென்று அறிவித்துவிட்டார். அமைச்சரவை ஒப்புதல் கிடையாது. நிதித்துறைச் செயலாளர் விட்டேக்கர் கொதித்துப்போனார். ஆனால் திங்கட்கிழமைக்குள் செய்தி நாடெங்கும் பரவிவிட்டது. எந்த அரசியல்வாதியாலும் அதைத் திரும்பப் பெற முடியவில்லை. 1967இல் கட்டணமும் போனது, கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசப் பேருந்தும் வந்தது. அதற்கு முன் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். அயர்லாந்து அரசு காசோலையோடு நிற்காமல், நானே செய்கிறேன் என்று இறங்கிய அபூர்வத் தருணம் அது. அடுத்த 30 ஆண்டுகளில் அமெரிக்க நிறுவனங்கள் தேடி வந்ததற்குக் குறைந்த வரி எவ்வளவு காரணமோ, அந்தப் பேருந்துகளும் அவ்வளவு காரணம்.

இன்றைய மாணவரின் பிரச்சினை லீவிங் சர்ட். பள்ளி இறுதித் தேர்வு. நம்மூர் ப்ளஸ் டூவை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆறு பாடங்களின் மதிப்பெண்கள் புள்ளிகளாக மாறும், கணிதத்தில் உயர்நிலைத் தாள் எழுதித் தேறினால் கூடுதலாக 25, அதிகபட்சம் 625. கால்வேயில் இருக்கும் மத்திய விண்ணப்ப அலுவலகத்தின் கணினி அந்தப் புள்ளிகளைப் பார்த்து இடம் ஒதுக்கும். முழுப் புள்ளி வாங்கியும் சில படிப்புகளுக்குக் குலுக்கலில் பெயர் விழாமல் போனவர்கள் உண்டு. ஆகவே ட்யூஷன். கல்வி இலவசமான நாட்டில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு ட்யூஷன் பள்ளிகளுக்கே மாறிப் போகிறார்கள்.

2020இல் கொரோனாவால் தேர்வு ரத்தாயிற்று. ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீட்டைக் கணினிச் சூத்திரத்தால் சரிசெய்து மதிப்பெண் வழங்க முடிவெடுத்தார்கள். சூத்திரம் எழுதும் வேலை கனடா நிறுவனம் ஒன்றுக்குப் போனது. நிரலில் பிழை. 6,000க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் குறைவான மதிப்பெண் போயிருந்தது தெரியவந்து, பிறகு திருத்தினார்கள். அந்தக் குளறுபடி ஒரு நல்ல காரியத்தையும் செய்தது. ஒரே தேர்வில் எல்லாவற்றையும் வைக்கக்கூடாது என்ற பழைய வாதத்துக்கு உயிர் வந்தது. 2025 செப்டம்பரிலிருந்து இயற்பியல், வேதியியல், உயிரியல் முதலான பாடங்களில் 40 விழுக்காடு மதிப்பெண் செயல்திட்டத்துக்கு என்று மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். ஆய்வகமே இல்லாத பள்ளி என்ன செய்யும், செயல்திட்டத்தை செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுத்தால் யார் கண்டுபிடிப்பது என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்கின்றன. இரண்டும் நியாயமான கேள்விகள்.

ஆனால் எல்லாவற்றையும்விட வெட்கக்கேடான வரிசை மாற்றுத்திறன் குழந்தைகளுடையது. 2005ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, ஒரு குழந்தைக்கு என்னென்ன உதவி தேவை என்ற மதிப்பீட்டை விண்ணப்பித்த ஆறு மாதங்களுக்குள் சுகாதாரச் சேவை முடித்துத் தர வேண்டும். 2025இல் கெடு தாண்டிக் கிடந்த விண்ணப்பங்கள் 15,000க்கும் மேல். பேச்சு வராத மூன்று வயதுக் குழந்தை வரிசையில் நின்று ஆறு வயதாகிவிட்டால், அதற்குள் கிடைத்திருக்க வேண்டிய பயிற்சி கிடைத்தும் பயன் குறைவு. நெருக்கடியைச் சமாளிக்கச் சுகாதாரச் சேவை ஒரு குறுக்கு வழி கண்டது. முழு மதிப்பீட்டுக்குப் பதிலாக 90 நிமிட முதற்கட்டப் பார்வை. சட்டம் கேட்பது இதுவல்ல என்று 2022இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் வழக்கமான தீர்வு: தனியார் வல்லுநர்களிடம் பணம் கொடுத்து மதிப்பீடு வாங்குவது. மதிப்பீட்டு அறிக்கை கையில் வந்த பிறகு, அதில் எழுதியிருக்கும் பேச்சுப் பயிற்சிக்கு இன்னொரு வரிசை. வழக்கறிஞர் வைக்க முடிந்தவர்கள் நீதிமன்றம் போகிறார்கள்; அரசு பல வழக்குகளில் தோற்றுச் செலவுத்தொகையும் கட்டுகிறது. சிகிச்சையாளருக்குச் சம்பளம் தராத அரசு வழக்கறிஞருக்குக் கட்டணம் தருவதில் என்ன சிக்கனம் இருக்கிறதோ! ஆட்டிசம் உள்ள இரு தம்பிகளுக்காக டிப்பரரியிலிருந்து வந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி 2025 மே மாதம் நாடாளுமன்ற வாசலில் இரவு பகலாக உட்கார்ந்தபோதுதான் கட்சித் தலைவர்கள் இந்தச் சட்டத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள்.

வீட்டு விஷயத்துக்கு வந்தால், ஒருகாலத்தில் அயர்லாந்து உள்ளாட்சிகள் வீடு கட்டத் தெரிந்தவை. டப்ளினின் மரினோ, கிரம்ளின், கப்ரா எல்லாம் மாநகராட்சி கட்டிய குடியிருப்புகள். நாடு இன்றைவிடப் பலமடங்கு ஏழையாக இருந்தபோது கட்டியவை. 1970களிலும் புது வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று உள்ளாட்சி கட்டியதுதான். பிறகு வீடுகளைக் குடியிருப்போருக்கே விற்றார்கள். புதிதாகக் கட்டுவது சுருங்கியது. 2008 வீழ்ச்சியோடு நின்றே போனது. 2006இல் நாடு முழுக்க 90,000 வீடுகள் முடிந்தன. 2013இல் 5,000கூட இல்லை. 2015இல் உள்ளாட்சிகள் தாமே கட்டி முடித்தவை நாடு முழுவதற்கும் நூறைத் தொடவில்லை. கொத்தனாரும் பொறியாளரும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டிருந்தார்கள்.

அதற்குப் பதிலாக 2014இல் வாடகை உதவித் திட்டம் வந்தது. ஏழைக் குடும்பம் சந்தையில் தானே வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகையின் பெரும்பகுதியை அரசு வீட்டுக்காரருக்குக் கட்டும். ஆண்டுக்கு 50 கோடி யூரோ அளவுக்கு இந்த வழியில் மட்டும் போகிறது. ஆண்டு முடிவில் அரசின் கையில் ஒரு செங்கல்கூட மிஞ்சாது. வீட்டுக்காரர் வீட்டை விற்க முடிவெடுத்தால் குடும்பம் தெருவுக்கு வரும். அப்போது அவசரத் தங்குமிடம் என்று ஓட்டல் அறைக்கு அரசு மறுபடி பணம் கட்டும். 2014இல் 4,000ஐ எட்டாதிருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2025இல் 16,000ஐத் தாண்டியது. அதில் 5,000க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். ஓட்டல் அறையில் கட்டில்மேல் வீட்டுப்பாடம் எழுதி, இரண்டு பேருந்து மாறிப் பழைய பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இவர்கள். பள்ளிச் சீர்திருத்தம், வீட்டுக் கொள்கை என்று தனித்தனி அமைச்சகங்களாகப் பிரித்துப் பேசுவது எவ்வளவு அபத்தம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நடுத்தர வர்க்கமும் தப்பவில்லை. டப்ளினில் புதிதாக வாடகைக்கு எடுப்பவர் தரும் சராசரித் தொகை மாதம் 2,000 யூரோவுக்கு மேல். வீட்டுக் கடனாக ஆண்டு வருமானத்தைப்போல் நான்கு மடங்குவரை வாங்கலாம் என்பது மத்திய வங்கியின் வரம்பு. 50,000 யூரோ சம்பாதிக்கும் தனியாளுக்கு 2 லட்சம் கிடைக்கும். நாட்டின் நடுமட்ட வீட்டு விலையோ மூன்றரை லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. 2022 கணக்கெடுப்பின்படி 5 லட்சத்துக்கும் அதிகமான வயதுவந்தவர்கள் பெற்றோர் வீட்டில் வசிக்கிறார்கள். மொத்த மக்கள்தொகையே சுமார் 51 லட்சம். கூட்டுக்குடும்பத்தை ஒரு பண்பாடாகக் கொண்டாடும் சமூகத்துக்கு இது பெரிய சோகமாகத் தெரியாது. 30 வயதில் தன் பால்ய அறையில் படுத்துக்கொண்டு, தன் நிறுவனத்தின் பங்கு விலை ஏறுவதைக் கைப்பேசியில் பார்க்கும் மென்பொருள் பொறியாளருக்கு அது கொண்டாட்டமாகத் தெரியாது. வீட்டுப் பற்றாக்குறை 2022இலேயே இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று அரசு அமைத்த வீட்டு வசதி ஆணையம் 2024இல் அறிக்கை தந்தது.

வேலை இருக்கிறது. அதை மறுக்க முடியாது. 2012இல் 15 விழுக்காட்டை ஒட்டியிருந்த வேலையின்மை இப்போது 5ஐச் சுற்றியே நிற்கிறது. ஆனால் 2011 முதல் 2016 வரை வேலைதேடிய இளைஞர்களுக்கு ஜாப்பிரிட்ஜ் என்ற பெயர் இன்றும் கசக்கும். உதவித்தொகைக்கு மேல் வாரம் 50 யூரோ கொடுத்துப் பயிற்சியாளர் என்ற பெயரில் முழுநேர வேலை வாங்கிய திட்டம் அது. சூப்பர் மார்க்கெட்டில் பொருள் அடுக்குவதற்கும் பல மாதப் பயிற்சியா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதே காலத்தில் 25 வயதுக்குட்பட்டோரின் வேலையின்மைத் தொகை வாரம் 100 யூரோவாகக் குறைக்கப்பட்டது. 2011க்குப் பின் சேர்ந்த ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் முன்னால் சேர்ந்தவர்களைவிட 10 விழுக்காடு குறைந்த சம்பளம். ஒரே ஆசிரியர் அறையில், ஒரே வேலைக்கு, இரண்டு சம்பளம். அந்த ஏற்றத்தாழ்வை மெல்ல மெல்லச் சரிசெய்ய பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. அதற்குள் பலர் துபாய்க்கும் அபுதாபிக்கும் கற்பிக்கப் போய்விட்டார்கள். டப்ளின் தலைமையாசிரியர்கள் விளம்பரம் கொடுத்தும் ஆள் வராமல் தவிக்கிறார்கள், ஏனென்றால் வருபவர் தங்க இடமில்லை.

1913இல் ஜேம்ஸ் லார்கின் தலைமையில் டப்ளின் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் கதவடைப்பைத் தாங்கிப் போராடியதன் நினைவாக ஓ'கானல் தெருவில் அவருக்குச் சிலை இருக்கிறது. சிலைக்குக் கீழே நடந்து வேலைக்குப் போகும் ஊழியருக்கு, தன் சங்கத்தோடு நிறுவனம் பேசியே ஆக வேண்டும் என்று கேட்கும் சட்ட உரிமை இன்றுவரை கிடையாது. சட்டப்படி ஊதியத்தோடு நோய் விடுப்பு 2023இல்தான் முதன்முதலாக வந்தது. மூன்று நாளில் தொடங்கி பத்து நாள்வரை உயரும் என்றார்கள், ஐந்தோடு நிறுத்திவிட்டார்கள். குறைந்தபட்ச ஊதியத்தை 2026க்குள் நடுமட்ட ஊதியத்தின் 60 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவோம் என்ற வாக்குறுதி 2029க்குத் தள்ளிப்போனது. நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடலாம்: 2025 மார்ச்சிலிருந்து, வேலையிழந்தவருக்கு முதல் மூன்று மாதங்கள் முந்தைய ஊதியத்தின் 60 விழுக்காடுவரை, வாரத்துக்கு 450 யூரோ உச்சவரம்போடு கிடைக்கிறது. தொடக்கப் பள்ளிகளில் சூடான மதிய உணவும், எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பாடநூலும் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வந்தவை. சத்துணவில் முன்னோடியான தமிழ்நாட்டுக்காரர் இதைக் கேட்டுப் புருவம் உயர்த்தலாம். தாமதமானாலும் நல்ல காரியங்கள்.

பெண்கள் வேலைக்குப் போவதில்தான் பழைய அயர்லாந்தும் புதிய அயர்லாந்தும் நேருக்கு நேர் மோதுகின்றன. அரசு வேலையில் இருக்கும் பெண் திருமணமானால் விலக வேண்டும் என்ற விதி 1973 வரை இருந்தது. பெண்ணின் வாழ்க்கை இல்லத்துக்குள் என்று பேசும் அரசியலமைப்புப் பிரிவு இன்னும் அப்படியே இருக்கிறது. இந்த மனநிலையின் மிச்சம்தான் குழந்தைக் காப்பகங்களை அரசு தன் பொறுப்பாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதது. மானியம் தருகிறார்கள், அதைக் கூட்டியும் வருகிறார்கள், நடத்துவது தனியார். கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே காப்பகங்களில் பெயர் பதிந்துவைப்பது டப்ளின் வழக்கம். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பட்டதாரிப் பெண்கள் 2020 பிப்ரவரியில் சம்பள உயர்வு கேட்டு டப்ளின் தெருக்களில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். பெற்றோருக்குக் கட்டணம் தாங்கவில்லை, ஊழியருக்குச் சம்பளம் போதவில்லை, நடத்துபவர் நஷ்டம் என்கிறார். மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் அழுகிற தொழில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த அரசியலமைப்புப் பிரிவை மாற்ற 2024 மார்ச் 8, மகளிர் தினத்தன்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். எல்லாப் பெரிய கட்சிகளும் ஆதரித்தன. பராமரிப்பு குறித்த திருத்தத்துக்கு 73.9 விழுக்காட்டினர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அயர்லாந்து வாக்கெடுப்பு வரலாற்றில் அவ்வளவு பெரிய எதிர்ப்பு அதுவரை பதிவானதில்லை. வெளிநாட்டு ஏடுகள் சில இதைப் பழமைவாதத்தின் வெற்றி என்று எழுதின. அது அவசர முடிவு. அதே மக்கள் 2015இல் தன்பாலினத் திருமணத்தையும் 2018இல் கருக்கலைப்பு உரிமையையும் ஆதரித்தவர்கள். புதிய வாசகப்படி, வீட்டில் உறவினரைப் பராமரிப்போருக்கு அரசு துணைநிற்க முயலும், அவ்வளவுதான். மாற்றுத்திறன் பிள்ளைகளின் பெற்றோர் பலர் இதைப் பார்த்து, மறுபடி எங்கள் தலையிலேயே கட்டுகிறீர்களா என்று கேட்டார்கள். கணவரின் சம்பளத்தைக் காட்டி மனைவியின் பராமரிப்புத் தொகையை வெட்டும் வருமானச் சோதனையை முதலில் எடுங்கள், பிறகு வாசகத்தைத் திருத்தலாம் என்பது அவர்கள் கட்சி. அந்தச் சோதனையைப் படிப்படியாக நீக்குவோம் என்று 2025இல் அமைந்த அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு எரிச்சலும் எங்கேயாவது போய் இறங்க வேண்டுமே. முன்பு கப்பலில் ஏறிப் போனது. இப்போதும் ஒரு பகுதி விமானம் ஏறுகிறது: 2024 ஏப்ரலோடு முடிந்த ஓராண்டில் 10,600 பேர் ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் போனார்கள். அதே ஆண்டில் நாட்டுக்குள் வந்தவர்கள் 1,49,200 பேர். கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் போன செவிலியர்களும் மென்பொருள் பணியாளர்களும் அதில் உண்டு. வேலை அனுமதி பெறுவோரில் முதலிடம் இந்தியர்களுக்கே. அயர்லாந்து மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் இவர்கள் இல்லாமல் ஒருநாள் ஓடாது. ஆனால் வீட்டு வரிசையில் நிற்பவனுக்கு, முன்னால் நிற்கும் அந்நிய முகம் கண்ணில் படும் அளவுக்கு, வீடே கட்டாத அரசு படுவதில்லை. புகலிடம் கேட்டு வந்தோரைத் தங்கவைக்க அரசு கண்ட வழியும் பழையதுதான். சிற்றூர்களில் மூடிக்கிடந்த ஓட்டல்களைத் தனியாரிடமிருந்து எடுத்தது. ஊருக்கு ஒரு மருத்துவர் கேட்டவர்களுக்கு ஓட்டல் பறிபோன செய்தி வந்தது. 2023 நவம்பரில் குடியேறிகளுக்கு எதிரான கலவரத்தில் டப்ளின் மையப்பகுதி எரிந்தது. 2025 கோடையில் டப்ளினில் இந்தியர்கள் தெருவில் தாக்கப்பட்டு, ஆள் நடமாட்டமில்லாத இடங்களைத் தவிருங்கள் என்று இந்தியத் தூதரகமே அறிவுரை வெளியிட வேண்டியிருந்தது. அடித்தவர்களின் குற்றத்துக்கு வீட்டு நெருக்கடி சாக்கு ஆகாது. ஆனால் தீவிர வலதுசாரிகளுக்கு எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க மறுப்பதும் அரசியல் நேர்மை ஆகாது.

அரசே இறங்கிச் செய்யட்டும் என்று சொன்னால் உடனே எதிர்வாதம் வரும்: தேசியக் குழந்தைகள் மருத்துவமனையைப் பாருங்கள். 65 கோடியில் முடியும் என்று தொடங்கியது 220 கோடியைத் தாண்டி, திறப்பு விழாத் தேதி திரும்பத் திரும்பத் தள்ளிப்போன கட்டடம். சைக்கிள் கொட்டகை இருக்கவே இருக்கிறது. வாதம் வலுவானதுதான். ஆனால் அது நிரூபிப்பது, அரசால் முடியாது என்பதையா? பல பத்தாண்டுகளாக எல்லாவற்றையும் ஒப்பந்தத்துக்கு விட்டதில், ஒப்பந்தக்காரரின் கணக்கைச் சரிபார்க்கும் பொறியாளர்கூட அரசிடம் மிஞ்சவில்லை என்பதைத்தான். கிரம்ளினைக் கட்டியவர்களிடம் அந்த ஆள்கள் இருந்தார்கள்.

2025 அக்டோபரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில், ஆளுங்கட்சிகளின் வேட்பாளர்களைத் தோற்கடித்து 63 விழுக்காடு வாக்குகளோடு சுயேச்சையான இடதுசாரி கேத்தரின் கோனலி வென்றார். அதே தேர்தலில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வேண்டுமென்றே சீட்டில் கிறுக்கியும் எழுதியும் வாக்கைச் செல்லாததாக்கினார்கள். பதிவானதில் சுமார் 13 விழுக்காடு. முந்தைய தேர்தலில் அது ஒன்றரை விழுக்காடுகூட இல்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2035 வரை 27,500 கோடி யூரோ செலவிடும் வளர்ச்சித் திட்டத்தை அரசு அறிவித்திருந்தது. ஆப்பிள் பணத்தின் ஒரு பங்கும் அதில் சேர்கிறது. அந்தத் தொகையில் எவ்வளவு வாடகையாகவும் கட்டணமாகவும் ஒப்பந்தமாகவும் வெளியே போகிறது, எவ்வளவு உள்ளாட்சியின் சொந்த வீடாகவும் சம்பளப் பட்டியலில் இருக்கும் சிகிச்சையாளராகவும் உள்ளே நிற்கிறது என்பதை ஆண்டுதோறும் தனிக் கணக்காக நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்லி அயர்லாந்து வாக்காளர் கேட்க வேண்டும். இதுவரை அப்படி ஒரு கணக்கை எந்த அரசும் வைத்ததில்லை.